ஜமாபந்திக்கு முந்தைய ஞாயிறு

அந்த உறை தாசில்தார் அறையிலிருந்து என் மேஜைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை காலை. 1963ஆம் வருஷம், வைகாசி பிறந்திருந்தது. திண்டிவனம் தாலுகா அலுவலகத்தில் அப்போது இரண்டு மின்விசிறிகள் இருந்தன. ஒன்று தாசில்தார் தலைக்கு மேல் சுற்றியது. இன்னொன்று பழுது என்று பதிவேட்டில் சுற்றியது. ‘ரகசியம்’ என்று சிவப்பு முத்திரை குத்திய உறைகளைத் தாசில்தாரே பிரிக்க வேண்டும் என்பது விதி. அவர் பிரித்தார், ஓரத்தில் என் பிரிவின் குறியெழுத்தைப் போட்டார், சேவகரிடம் கொடுத்தனுப்பினார். அதனால் அது தபால் குமாஸ்தாவின் கைக்குப் போகவில்லை, அவருடைய பதிவேட்டில் ஏறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தபால் குமாஸ்தா என் நண்பன். உறைக்குள் இருந்தது அவன் தம்பியின் சாவு.

ராணுவத்தின் பதிவு அலுவலகம் ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் எட்டு வரி. சென்ற நவம்பரில் எல்லையில் காணாமல் போன இன்ன எண்ணுள்ள சிப்பாயின் உடல், பனி இளகிய பின் கண்டெடுக்கப்பட்டு, கழுத்துத் தகட்டைக் கொண்டு அடையாளம் காணப்பட்டது. இறந்தவருடைய வாரிசுகள் யார் யார் என்று விசாரித்துப் பதினைந்து நாளில் தெரிவிக்கவும். இப்படிப்பட்ட கடிதங்களில் ஆறுதல் வாசகம் இருக்காது. கடிதம் ஓர் அலுவலகத்துக்கு எழுதப்பட்டது. அலுவலகத்துக்கு எதற்கு ஆறுதல்?

அந்தத் தம்பியை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். என் வீடு விழுப்புரத்தில். சனிக்கிழமை ரயிலில் போய்த் திங்கள் காலை திரும்புவேன், வாரநாட்களில் திண்டிவனத்தில் அறை. ஒரு சனிக்கிழமை விழுப்புரம் ஜங்ஷனில் நண்பன் தகரப்பெட்டியோடு நின்றிருந்தான், பக்கத்தில் தம்பி. விடுமுறை முடிந்து ரயில் மாறிப் போகிறவன். வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றுகொண்டு, தோலை எல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். பிளாட்பாரத்தில் போடக் கூடாதாம், பட்டாளத்தில் பழக்கிவிட்டார்களாம். “இவன் பைய தொவைக்கிறதுக்கே தனியா ஒரு ஆளு வெக்கணும்,” என்றான் நண்பன். பையன் சிரித்தான். இருபத்திரண்டு வயது.

நவம்பரில் ‘காணவில்லை’ என்று தந்தி வந்தது. அதன் பிறகு சீனாக்காரன் தான் பிடித்து வைத்திருந்தவர்களைத் தவணை தவணையாக விட்டான். பெயர்கள் பத்திரிகையில் வரும், ரேடியோவில் வரும். நண்பன் தினமும் காலையில் நகராட்சி வாசகசாலை திறக்கும் முன்பே வாசலில் நிற்பான். பட்டியல் வராத நாளில் நன்றாக இருப்பான். வந்த நாளில் பேசமாட்டான். அவன் கிராமம் ஒலக்கூர்ப் பக்கம். அங்கே தபால் தாமதம் என்பதால் வீட்டுக்கான கடிதங்களைத் தாலுகா அலுவலக விலாசத்துக்கே வரவழைத்துக்கொள்வான். தினமும் மாலை சைக்கிளில் வீட்டுக்குப் போனால் அம்மா வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வி, “தபால் எதுனா வந்துதாடா?” என்பதுதான். அலுவலகத்துக்கு வரும் நூற்றைம்பது தபாலையும் பிரித்து எண் போடுகிறவனிடம் கேட்கும் கேள்வி.

இதற்கு நடுவில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கண்டமங்கலம் பக்கம், பாண்டிச்சேரியில் மில் வேலை. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருந்தது. பத்திரிகையில் வரவேற்கிறவர்கள் வரிசையில் தம்பியின் பெயரும் அச்சாகியிருந்தது. அவனுக்கும் சேர்த்து வேட்டி, சட்டை எடுத்து வைத்திருந்தாள் தாய்.

உறை வருவதற்கு முந்திய நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், நண்பன் என் மேஜைக்கு வந்தான்.

“யோவ், இந்த வாரம் ஊருக்குப் போவாத. ஞாயித்துக்கெழம பெருமுக்கல் மலைக்குப் போலாம்.”

“இந்த வெயில்லயா? புத்தி கெட்டுப்போச்சா?”

“பேப்பர் வேணாம், ரேடியோ வேணாம், எங்கம்மா மூஞ்சி வேணாம். ஒரு நாளு. ஒரே பேஜாரா கீதுய்யா.”

“மலை மேல இன்னா கீது?”

“தபாலு இல்ல,” என்றான்.

சரி என்றேன். மறுநாள்தான் அந்த உறை வந்தது.

அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதற்கு விதிப்புத்தகம் தேவையில்லை. எழுந்து நாலு மேஜை தாண்டிப் போய் அவன் தோளில் கையை வைத்திருந்தால் போதும். அதைச் செய்யத் தெரியவில்லை. நடைமுறை தெரிந்தது. ராணுவம் நெருங்கிய உறவினருக்குத் தனியாக எழுதும். அதைச் சொல்வது அவர்கள் பொறுப்பு. ரகசிய உறையில் வந்ததைச் சக ஊழியரிடம் சொல்வது ஒழுங்குமீறல். வாரிசு விசாரணை செய்ய வேண்டியவர் கிராமத்து மணியக்காரர். ஒரு வீட்டில் சாவைச் சொல்ல அரசாங்கத்துக்கு ஆள் வேண்டுமென்றால் அவரைவிடப் பொருத்தமானவர் யார்? இப்படி ஒவ்வொன்றாக யோசித்து, என் கையிலிருந்து அதை இறக்கிவிட நேர்வழி கண்டுபிடித்தேன். பன்னிரண்டு மணிக்குள் மணியக்காரருக்குக் குறிப்பாணையும், அதோடு இணைக்கும் கேள்விப் படிவமும் தயார். ‘இறந்தவரின் வாரிசுகள் குறித்து விசாரித்து, அக்கம்பக்கத்தார் இருவரின் வாக்குமூலத்துடன் அறிக்கை அனுப்பவும். அவசரம்.’

‘அவசரம்’ என்பது எங்கள் அலுவலகத்தில் தேதி போடுவதைப் போல ஒரு பழக்கம். மூன்று நினைவூட்டு போகாமல் எந்த மணியக்காரரும் அசைந்ததில்லை. எப்படியும் ஒரு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் ராணுவக் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும், நான் சொல்லாதது யாருக்கும் தெரியாது. கல்யாணத் தேதியை நினைத்தேனா? இல்லை. அன்று நான் நினைத்தது என் மேஜையைப் பற்றி மட்டும்.

அந்தக் கிராமத்துத் தலையாரி ஏதோ கணக்கைக் கொடுக்க வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலேயே கொடுத்து, உள்ளூர் பட்டுவாடாப் புத்தகத்தில் கைநாட்டு வாங்கினேன். ஐந்து மணிக்கு என் மேஜை சுத்தமாக இருந்தது. வெளியே வரும்போது நண்பனிடம், “காலையில அஞ்சு மணிக்கு நான் ரெடி,” என்றேன்.

நான் மறந்தது ஒன்று. மறக்கக் கூடியவன் இல்லை, ஏனென்றால் அதற்கான பட்டியலை எழுதியதே நான். ஜமாபந்தி வரப்போகிறது. வருஷத்துக்கு ஒரு முறை மேலதிகாரி உட்கார்ந்து கிராமக் கணக்குகளை எல்லாம் தணிக்கை செய்யும் அந்த நாட்களில், எந்த மணியக்காரரிடம் என்னென்ன காகிதம் பதில் இல்லாமல் கிடக்கிறது என்று ஊரார் முன்னிலையில் வாசிப்பார்கள். பதினோரு மாதம் அசையாத மணியக்காரர், ஜமாபந்திக்கு முந்திய இரண்டு வாரம் மட்டும், கையில் வாங்கிய காகிதத்துக்கு அன்றன்றே பதில் எழுதுவார். ஒலக்கூர் வட்டாரத்தின் முறை அடுத்த வாரம்.

ஞாயிறு காலை இருட்டு பிரியும் முன்பே இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். மரக்காணம் சாலை. புளியமரம் இருக்கும் வரை சுகம். நண்பன் முன்னால் மிதித்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எதிர்பார்ப்பில் வாடுகிறான் என்று நினைத்தேன். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பில் எனக்கு ஒருவிதப் பெரியமனிதத்தனம்கூட வந்திருந்தது. இறக்கம் வந்த இடங்களில் அவன் மிதிக்காமல் விட்டுவிட, நான் வேண்டுமென்றே பின்னால் தங்கினேன்.

அடிவாரத்தில் ஒரு கிழவி கேப்பைக் கூழ் விற்றுக்கொண்டிருந்தாள். ஆளுக்கு இரண்டு செம்பு குடித்தோம்.

“மலைக்கா? நேர்த்திக்கடனா?” என்றாள்.

“இல்ல ஆயா, சும்மா காத்து வாங்க,” என்றான் நண்பன்.

“காத்தா?” அவள் மலையைப் பார்த்தாள். “பாற சுடறதுக்குள்ள எறங்கி வந்துடுங்க. போன வருசம் ஒருத்தன் காத்து வாங்கப் போயி, தூக்கிக்கினு வந்தாங்க.”

பெருமுக்கல் பெரிய மலை இல்லை. ஆனால் முழுக்கப் பாறை. ஏழு மணிக்கே கால் சுட்டது. இடிந்த கோட்டைச் சுவர்கள், இடையில் முள், எங்கோ ஆடு கத்தும் சத்தம். நண்பன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினான். நேர்த்திக்கடன் இல்லை என்றவன் ஏன் வெறுங்காலில் ஏறுகிறான் என்று நான் கேட்கவில்லை. எட்டு மணிக்கு உச்சி. கோயில் பூட்டியிருந்தது. பக்கத்துச் சுனையில் தண்ணீர் பச்சையாக நின்றது. கிழக்கே வெகுதூரத்தில் மரக்காணத்து உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகள் போல மின்னின, அதற்கு அப்பால் கடல். மண்டப நிழலில் உட்கார்ந்தோம்.

அப்போதுதான் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். வியர்வையில் நனைந்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

“வியாழக்கெழமயே வந்துட்ச்சி,” என்றான். “நானேதான் தபால் பையிலருந்து எடுத்தேன். மத்த தபாலோட எண் போடப் போயி, அப்பறம் பாத்தா என் பேரு.”

நான் படிப்பதுபோல் பாவனை செய்தேன். வாசகம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். இதில் கடைசியில் ஆறுதலாக ஒரு வரி கூடுதல்.

“யாருக்கும் சொல்லல. உனக்குத்தான் மொதல்ல சொல்றேன். கல்யாணம் முடியட்டும், நானே அம்மாகிட்ட சொல்லிக்கிறேன். இப்ப சொன்னா கல்யாணம் நிக்கும். நின்னா அந்தப் பொண்ணுக்கு ராசி இல்லன்னு பேரு கட்டிடுவானுங்க. போனவன் போயிட்டான். அவளையும் சேத்து உக்காத்தி வெக்கணுமா?”

கடிதத்தை மடித்து அவனிடம் நீட்டினேன்.

“உன் டேபிளுக்கு ஒரு காயிதம் வரும். வாரிசு விசாரண. வந்தே தீரும், உனக்குத் தெரியாததா. வந்தா உன் கட்டுல அடியில வெச்சிடு. பத்து நாளு. பதினோராவது நாளு நானே வந்து எடுத்துக் குடுக்கிறேன். உன்கிட்ட நான் வேற எதுவுமே கேட்டதில்லய்யா.”

உண்மைதான். நாலு வருஷத்தில் அவன் என்னிடம் ஒரு குண்டூசிகூடக் கேட்டதில்லை. காகிதம் நேற்றே போய்விட்டது, கிராமத்தில் இருக்கிறது, ‘அவசரம்’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வார ஜமாபந்தி அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. மணியக்காரர் இன்றைக்கே வரலாம். ஞாயிற்றுக்கிழமைதான் சாட்சிகள் வீட்டில் இருப்பார்கள்.

“சரி,” என்றேன்.

அவன் முகம் மாறியது. சுனைக்குப் போய் முகம் கழுவினான், தலையிலும் ஊற்றிக்கொண்டான். திரும்பி வந்து, “மூணு நாளா கண்ண மூடலய்யா,” என்று சொல்லி, மேல்துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தான். படுத்தவுடன் தூங்கிவிட்டான். வாய் திறந்திருந்தது. குறட்டை கேட்டது.

எழுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இறங்க முக்கால் மணி, திண்டிவனத்துக்கு ஒரு மணி, அங்கிருந்து கிராமத்துக்கு இன்னும் ஒரு மணி. உடனே கிளம்பினால் பதினோரு மணிக்குள் போகலாம். எழுப்பினால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால், ‘சரி’ என்றேனே, அதைத் திரும்ப வாங்க வேண்டும். நிழல் நகர்ந்து அவன் பாதத்தில் வெயில் விழுந்தது. என் செருப்பால் அதை மறைத்தேன். நான் செய்த ஒரே காரியம் அது. ஒன்றரை மணி நேரம் கழித்து வெயில் அவன் முகத்துக்கு வந்தது, தானாகவே எழுந்தான். எழுந்தவன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி இருந்ததால், இனிமேலும் தாங்காமல், காகிதம் நேற்றே போய்விட்டதைச் சொல்லிவிட்டேன்.

அவன் திட்டவில்லை. “யாருகிட்ட குடுத்தே?” என்றான்.

“தலையாரிகிட்ட.”

“எத்தினி மணிக்கு?”

“நாலு இருக்கும்.”

செருப்பை அங்கேயே விட்டுவிட்டு இறங்கத் தொடங்கினான். பாறை கொதித்தது. அவன் ஓடவில்லை, ஓடினால் விழுவான் என்று தெரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வேகமாக வைத்தான். நான் அவன் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அடிவாரத்தில் அதை நீட்டினேன். வாங்கவில்லை. கூழ் விற்கிற கிழவி எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. எட்டு மைல், பிறகு இன்னொரு எட்டு மைல். சாலையில் தார் இளகி டயரில் ஒட்டியது. வழியில் அவன் பேசியது ஒரே ஒரு முறை. “அந்த மணியக்காரு சோம்பேறிதான்,” என்றான், தனக்குத் தானே. “மத்தியானம் சாப்புட்டுத் தூங்குவாரு. சாயங்காலம்தான் வெளிய வருவாரு.” எனக்கும் அதுவே நம்பிக்கையாக இருந்தது.

ஊருக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டரை. தெருமுனையிலேயே அழுகுரல் கேட்டது. நண்பன் சைக்கிளை நிறுத்தவில்லை, அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே போனான்.

வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மணியக்காரர் நின்றிருந்தார். நல்ல மனிதர், வெள்ளை வேட்டி, காதில் கடுக்கன். கிராமக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை கையில் எழுதிய தாள்களை வைத்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் மணியக்காரர் ஓடி வந்தார்.

“சாரே, வீட்டுக்குத் தெரியும்னுதாங்க நெனச்சேன். அண்ணங்காரரே ஆபீஸ்ல கீறாரு, அவருக்குத் தெரியாமயா காயிதம் வரும்? அவருதான் ஜல்தியா முடிக்கச் சொல்லி ‘அவசரம்’னு எழுத வெச்சிக்கிறாருன்னு நெனச்சிட்டேங்க. ஜமாபந்தி வேற வருதுங்களா…”

“எப்ப வந்தீங்க?”

“பதினொன்ரைக்குங்க. அந்தம்மா மல்லாட்ட ஒடச்சிக்கினு இருந்தாங்க, கல்யாணத்துக்கு எண்ண ஆட்ட. நானும் வழக்கமா கேக்கறத கேட்டேன். எறந்துபோன உங்க மவனுக்குக் கல்யாணம் ஆயிருந்துதாம்மான்னேன். ‘இல்லீங்க, தங்கச்சிக்கு முடிச்சிட்டுத்தான் பண்ணிக்குவேன்னு சொன்னான்’னு பதில் சொன்னாங்க. கணக்கப்புள்ள அத எழுதிட்டாரு.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “பதில் சொன்னதுக்கு அப்பறந்தாங்க, நான் இன்னா கேட்டேன்னு அவங்க காதுல வுழுந்துது.”

சாவுச் செய்தி ஒரு தாய்க்குக் கேள்வியாகப் போய்ச் சேர்ந்தது. கேள்வியைத் தயாரித்தவன் நான். ‘திருமணம் ஆனவரா’ என்பது அந்தப் படிவத்தில் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி பெயர். உள்ளே போகும் துணிவு எனக்கு இல்லை. வாசலில் உடைத்த மல்லாட்டைத் தோல் குவியலாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றேன், அவன் செருப்பு இன்னும் என் கையில் இருந்தது. அதைக் கதவோரம் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கரும காரியத்துக்கு வந்தார்கள், மரியாதையாக உட்கார்ந்தார்கள், மரியாதையாக எழுந்து போனார்கள். ஆடி மாதம் போகட்டும் என்றார்கள். ஆவணியில் வேறு இடத்தில் முடித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நாலு வருஷம் கழித்து, மனைவி இறந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாக நடந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்குப் பத்திரிகை வரவில்லை.

இப்போது விழுப்புரத்தில் என் தெருவில் யாருக்காவது வாரிசுச் சான்றிதழ் வேண்டுமென்றால் என்னிடம் வருகிறார்கள். எந்தப் படிவம், எங்கே கையெழுத்து, எத்தனை நாள் ஆகும் என்று எல்லாம் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? கிழவனுக்கு மறதி என்று நினைத்து, “தெரியும் சார், காரியமே முடிஞ்சிட்டுது,” என்கிறார்கள்.

மணியக்காரரின் அறிக்கை அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலையிலேயே தாலுகா அலுவலகத்துக்கு வந்துவிட்டது. இரண்டு சாட்சிகளின் வாக்குமூலம், தாயின் கைநாட்டு, எல்லாம் ஒழுங்காக. சாதாரண உறையில் வந்ததால் அது தபால் பிரிவுக்குப் போனது. நண்பன் விடுப்பில் இருந்தான். அவனுக்குப் பதிலாக உட்கார வைக்கப்பட்டவர் அவசரமானவற்றுக்கு மட்டும் எண் போட்டு, மற்றதை எல்லாம் கட்டி வைத்துவிட்டார். என்னுடைய ‘அவசரம்’ அவருக்கு அவசரமாகப் படவில்லை.

பதினெட்டாம் நாள் நண்பன் வேலைக்கு வந்தான். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது, பாதத்தில் கொப்புளம் உரிந்த தடம். நாள் முழுக்க உட்கார்ந்து, தேங்கிய தபாலுக்கெல்லாம் ஒவ்வொன்றாக எண் போட்டான். எதையும் தாண்டவில்லை. மாலை நாலு மணிக்கு என் பிரிவுக்கான கட்டோடு வந்து மேஜையில் வைத்தான். மேலே இருந்தது அந்த அறிக்கை. இரண்டாவது கேள்விக்கு நேரே, கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில், ‘இல்லை. தங்கைக்கு முடித்த பிறகு செய்துகொள்வதாகச் சொன்னார்’ என்று இருந்தது. ஓரத்தில் நண்பனின் உருண்டையான எண்கள்.

“அந்த ஒன்ர மணி நேரம்,” என்றான். “எழுப்பியிருக்கலாமில்ல?”

“நல்லா தூங்கிக்கினு இருந்தே.”

அவன் அதைக் கேட்டுக்கொண்டான். பிறகு பட்டுவாடாப் புத்தகத்தைத் திறந்து, நான் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தை விரலால் காட்டினான். போட்டேன். தேதி விட்டுவிட்டேன். அதையும் காட்டினான்.